சாசனப் பள்ளியை நாடும் ஆசிரியர்

ஒருவர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார் என்று கேட்ட மாத்திரத்தே, "ஏன் மேற்கொண்டார்?" என வினவுவார் பலர், "எங்கே மேற்கொண்டார்?" என வினவுவார் சிலரே. முதல் வினாவினும் இரண்டாம் வினாவே நுண்ணியது என்பது எம் கருத்து. நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாக்கியதோடு அமையாது, பாடஞ் சொல்லுங்கால் காலத்தோடு இடத்தையும் ஆராய்தல் வேண்டும் என்றும் விதித்துப் போந்தார். அவர் கருதிய இடம் அமர்ந்து கற்பித்தற்குரிய நல்லிடம். இக்காலத்திலோ ஆசிரியன் வருமுன்னரே அவனுக்குரிய இடம் அமைந்துவிடுகின்றது. அதற்குச் சட்டம் உண்டு, பொருள் உண்டு, மேலதிகாரி உண்டு, மணியோசை உண்டு. அவ்விடத்தின் இயல்பு அவனுடைய கல்வியை வளர்க்கவும் கூடும், வாட்டவும் கூடும். ஆதலின் ஆசிரியர் இடந்தேடும் வகையை ஆராய்வது அவர்தம் உள்ளத்தை ஆராய்வதேயாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பெருநகரங்களிலுள்ள சாசன உயர்நிலைப் பள்ளிகளை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். அவற்றுட் பலவற்றில் வேலை நேரம் நீண்டது. சம்பளம் அண்டையிலுள்ள நகரப் பள்ளிகளினும் குறைவு. பதவியின் நிலைபேறோ மிக அரிது. மாணாக்கருட் பெரும்பாலார் வறிய குடியினர். இவ்வளவும் அறிந்திருந்தும், பட்டம் பெற்ற இளைஞரும், பல்லாண்டு தொழில் பயின்ற ஆசிரியரும் அவற்றை விரும்பிச் செல்கின்றனர். எம் வகுப்பினருட் பலர் இன்னுஞ் சில ஆண்டுகளில் கையிற் சுண்ணக்கட்டியேந்தி நிற்கப் போகின்றவர். ஆகலின், அவர் ஏன் செல்கின்றனர் என்னும் வினா அயல்நாட்டுப் புதுமை கேட்கும் ஆவலால் மாத்திரம் எழுந்ததன்று.

சாசனம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதிதன்று. செப்பேட்டிலும் கல்லிலும் பொறித்த பழஞ்சாசனங்களில், பெற்றவர்க்குரிய உரிமையும் அவர் ஆற்றுதற்குரிய கடமையும் ஒருங்கே நிற்பதைக் காண்கின்றோம். அமெரிக்கர் 'சார்ட்டர்' பள்ளி என்று வழங்குவதும் இவ்வியல்பினதே. அரசாங்கப் பொருளால் அது நடைபெறும். மாணாக்கரிடம் சம்பளம் வாங்குவதில்லை. இடத்தினும் மிகுதியாக விண்ணப்பம் வந்தால் பெரும்பாலும் திருவுளச்சீட்டு முறையாற் சேர்த்துக்கொள்ளும். ஏனைப் பொதுப் பள்ளிகளைக் கட்டும் விதிகள் பலவற்றினின்று அதற்கு விடுதலை உண்டு. அவ்விடுதலைக்கு ஈடாக, இத்துணை ஆண்டுகளில் இன்ன பயன் காட்டுவோம் என்று அது உடன்படிக்கை எழுதிக் கொடுக்கின்றது. பயன் காணாவிடின் சாசனம் பறிக்கப்படும், பள்ளியும் மூடப்படும்.

இக்கருத்து ஆசிரியரை முன்னிட்டே பிறந்தது என்பது மறக்கற்பாலதன்று. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த ரே பட் என்பார் 1970-களில் இதனை எண்ணி, 1988-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்க ஆசிரியர் கூட்டுச் சங்கத்தின் தலைவராகிய ஆல்பர்ட் ஷேங்கர் என்பவர் வாஷிங்டன் நகரிற் பேசுகையில், ஆசிரியர் சிலர் ஒன்றுகூடித் தாமே ஒரு புதுப்பள்ளி வகுத்து நடத்துவதற்கு இடந்தரல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். மினஸோட்டா மாகாணம் 1991-இல் முதற் சட்டம் இயற்றிற்று. அடுத்த ஆண்டே அம்மாகாணத்துச் செயின்ட் பால் நகரில் 'சிட்டி அகாடமி' என்னும் முதற் சாசனப் பள்ளி திறக்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர்கள் ஆசிரியர்கள்; அதிற் சேர்ந்தவர்களோ உயர்நிலைப் பள்ளியை நடுவில் விட்டு நீங்கிய இளைஞர்கள். நாற்பதுக்கு மேற்பட்ட மாகாணங்களில் பின்னர் இத்தகைய சட்டங்கள் தோன்றின. 2021-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சாசனப் பள்ளிகளிற் பயின்றோர் ஏறத்தாழ 37 இலட்சம் பேராவர். ஷேங்கரோ, ஆசிரியர் கையிலிருந்து இம்முயற்சி நழுவிப் பிறர் கைக்குச் செல்வதைக் கண்டு, தம் இறுதிக் காலத்தில் இதனைக் கண்டிப்பவரானார். தாம் நட்ட மரத்தின் நிழலில் தாமே அமர மறுத்த அவர் நிலை, யாம் பின்னர்க் கூறப்போவதற்கு ஒரு முன்னறிவிப்பாகும்.

இனி, பெருநகர உயர்நிலைப் பள்ளியின் அருமையைச் சிறிது நோக்குவோம். அமெரிக்கப் பள்ளிகளின் வருவாயில் ஒரு கணிசமான பகுதி அவ்வவ்வூர் நிலத்தின்மீதும் வீட்டின்மீதும் விதிக்கும் வரியினின்று வருவது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் செல்வக் குடிகள், அவருள்ளும் பெரும்பாலும் வெள்ளையர், நகரைவிட்டுப் புறநகர்களிற் குடியேறினர். அவரோடு வரியும் சென்றது. நல்ல சம்பளமும் சென்றது. பழகிய ஆசிரியரும் பின்தொடர்ந்தனர். மாகாண அரசாங்கங்கள் ஈடுசெய்ய முயன்றும் வேறுபாடு முற்றும் ஒழிந்திலது. நகரத்தே தங்கிய கறுப்பர், ஸ்பானிய மொழி பேசுவோர் ஆகியோருடைய மக்கள் பலர், பதினான்காம் வயதில் உயர்நிலைப் பள்ளியிற் புகுங்கால் கீழ்வகுப்பு மாணாக்கர்க்குரிய வாசிப்புத் திறனோடு வருகின்றனர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்குக் காலம் உண்டு. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்க்கு நான்கே ஆண்டுகள் உண்டு. அந்நான்காண்டில் எட்டாண்டுக் குறையை நிறைத்து, ஒருவனைக் கலாசாலை வாயிலிற் கொண்டுபோய் நிறுத்துதல் வேண்டும். இத்தகைய பள்ளியைத் தாமே விரும்பிக் கொள்வார் நோக்கம் யாதாயிருக்கும்?

பொருள் நோக்கமன்று என்பது வெளிப்படை. இரக்கமே காரணம் என்பர் பலர். அது முழுப் பொய்யன்று. 1989-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவியாயிருந்த வெண்டி காப் என்பார் தம் பட்டக் கட்டுரையில் எழுதிய எண்ணம் மறு ஆண்டே செயலாயிற்று. புதிதாகப் பட்டம் பெற்றோர் ஈராண்டு வறியோர் பள்ளிகளிற் கற்பிக்க ஏற்பட்ட 'டீச் ஃபார் அமெரிக்கா' என்னும் இயக்கம் அதுவே. அவ்வழிச் சென்றவர் பலர் பிற்காலத்தில் சாசனப் பள்ளிகளின் ஆசிரியராயினர். சிலர் அவற்றைத் தோற்றுவிக்கவுஞ் செய்தனர். எனினும் இரக்கம் ஒருவனை வாயில்வரை அழைத்து வரும். மூன்றாம் ஆண்டின் மாரிக்காலத்துக் காலை வேளையில், முப்பது கட்டுரைகளைத் திருத்தி முடித்த கண்ணோடு அவன் மறுபடியும் வகுப்பிற் புகுவதற்கு அது போதாது. மேலும், இரக்கப்படுகின்றவன் தன்னை மேலானவனாகவும் மாணாக்கனைக் கீழானவனாகவும் நினைத்தல் எளிது. பதினைந்து வயதுப் பிள்ளை அதனை ஒரு வாரத்திற் கண்டுகொள்வான்; கண்டுகொண்டபின் கற்கமாட்டான்.

தொழிற்கல்விச் சான்றிதழ் பற்றிய விதிகள் பல மாகாணங்களிற் சாசனப் பள்ளிகட்குத் தளர்ந்திருத்தலின், வேறிடத்திற் புகல் அரிதாகிய சிலர் அங்கே புகுகின்றனர் என்பதும் உண்மையே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் இவ்விரண்டினும் வலிய காரணம் ஒன்றுண்டு. அது, தான் கற்பிக்கும் பள்ளி தன் சொல்லைக் கேட்கும் என்னும் நம்பிக்கை. பெருநகரக் கல்வி வட்டம் ஒன்றில் எந்நூலைப் படிப்பிப்பது, ஒரு பாடத்திற்கு எத்துணை நேரம் கொடுப்பது, தவறிய மாணாக்கனை எவ்வாறு நடத்துவது என்பனவெல்லாம் தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தில் முடிவாகின்றன. பிழையென்று தெரிந்தும் ஆசிரியர் செய்தற்கு ஒன்றுமில்லை. சிறிய சாசனப் பள்ளியிலோ, திங்கட்கிழமை கண்ட குறையை அவ்வாரத்திலேயே ஆசிரியர் கூடிப் பேசித் திருத்த முடியும். பாஸ்டன் நகரில் 1995-இல் திறந்த 'சிட்டி ஆன் எ ஹில்' பள்ளியை நிறுவியவர் இருவரும் ஆசிரியைகளே. செயின்ட் பால் நகரில் 2001-இல் தொடங்கிய 'ஏவலான்' பள்ளி, தலைமையாசிரியர் என ஒருவரை வையாது ஆசிரியர் கூட்டமே நிருவகிக்கும் முறையில் அமைந்தது. 'மேட்ச்' என்று வழங்கும் பாஸ்டன் உயர்நிலைப் பள்ளி 2004-ஆம் ஆண்டில், புதிய பட்டதாரிகளைத் துணையாசிரியராக அமர்த்தி, ஓரிரு மாணாக்கர்க்கு ஒருவராக நாள்தோறும் உடனிருந்து கற்பிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. பெரிய கல்வி வட்டமொன்றில் இவை எத்தனை கைகளைக் கடந்து வரவேண்டியிருக்கும்!

ஒத்த கருத்தினரோடு உழைக்கும் இன்பமும் இதனோடு சேர்ந்ததே. அண்டை வகுப்பில் இருப்பவரும் தம்மைப் போலவே இப்பிள்ளைகளால் இயலும் என்று நம்புகின்றார் என்னும் எண்ணம் சோர்ந்த ஆசிரியர்க்கு ஊன்றுகோல்.

ஆசிரியர் தம் விருப்பத்தை வெளிப்படையாகக் காட்டிய நிகழ்ச்சி யொன்றை இங்கே விரித்துரைத்தல் தகும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் 1965-இல் பெருங்கலகம் மூண்டு 34 உயிர்கள் மாய்ந்தன. அதன்பின் அப்பகுதி மக்களுக்கு நம்பிக்கை யூட்டும்பொருட்டு 1967-இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பெற்று, கறுப்பர் குலத்து அறிஞராகிய ஆலன் லாக் என்பார் பெயரைத் தாங்கிற்று. நாற்பதாண்டு கழிவதற்குள் அந்நம்பிக்கை தேய்ந்தது. ஒன்பதாம் வகுப்பிற் புகுந்தோருட் பெரும்பாலார் பட்டச்சீட்டுப் பெறாமலே மறைந்தனர். முற்றத்திற் சண்டையும், வகுப்பில் வெறுமையும் நிறைந்தன. 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பள்ளியின் நிலைத்த பதவியுடைய ஆசிரியருட் பாதிக்கு மேற்பட்டோர், தம் பள்ளியை நகரக் கல்வி வட்டத்தினின்று பிரித்து 'கிரீன் டாட்' என்னும் சாசனப் பள்ளி அமைப்பிடம் ஒப்புவிக்க வேண்டி விண்ணப்பத்தில் கையொப்பமிட்டனர். கலிபோர்னியச் சட்டம் அவ்வுரிமையை ஆசிரியர்க்கே தந்திருந்தது.

அக்கையொப்பத்தின் விலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பல்லாண்டு உழைத்துப் பெற்ற நிலைத்த பதவிப் பாதுகாப்பு அப்புது அமைப்பில் இல்லை. தக்க காரணமின்றி நீக்கலாகாது என்னும் ஒப்பந்த விதி மாத்திரமே உண்டு. விண்ணப்பத்திற்குத் துணைநின்ற தலைமையாசிரியர் அப்பள்ளியினின்று அகற்றப்பட்டார். சிலர் கையொப்பத்தை மீளப் பெற்றனர். செல்லும் செல்லாது என்ற வாதம் எழுந்தது. எனினும் அவ்வாண்டு செப்டம்பரில் நகரக் கல்விக் குழுவினர் மாற்றத்திற்கு இசைந்தனர். 2008-ஆம் ஆண்டு கோடையிற் பள்ளி கைம்மாறிற்று. அப்போது ஆசிரியர் அனைவரும் புதியோர்போல மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. பலர்க்கு இடம் கிடைத்திலது. தம் பதவியை இழக்கக்கூடும் என்று அறிந்தே அவர் கையொப்பமிட்டனர். இதனை இரக்கம் என்பதா? இல்லை, தாம் நாள்தோறும் செய்துவந்த வேலை பயனற்றுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க மறுத்த தொழின்மானம் என்பதே பொருந்தும். பின்னர்க் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், அப்பள்ளி மாணாக்கர் அண்டைப் பள்ளியினரினும் மிகுதியாகப் படிப்பில் நிலைத்து, கலாசாலைக்கு வேண்டிய பாடங்களை முடித்தனர் என்று கண்டறிந்தனர்.

ஆயின், சாசனம் பெற்ற பள்ளியெல்லாம் சிறந்ததென்று கொள்ளுதல் மயக்கமாம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவொன்று 2009-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கணிதத்தில் நூற்றுக்கு 17 சாசனப் பள்ளிகளே பொதுப் பள்ளிகளினும் சிறந்தன, 37 தாழ்ந்தன, எஞ்சியவற்றில் வேறுபாடில்லை. அதே குழு 2015-இல் 41 நகரப் பகுதிகளை ஆராய்ந்து, நகரச் சாசனப் பள்ளி மாணாக்கர் சராசரியாக ஓராண்டிற் கணிதத்தில் 40 நாட் படிப்பும், வாசிப்பில் 28 நாட் படிப்பும் மிகுதியாகப் பெற்றனர் என்றது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணுவார்க்கு, நன்மை சாசனம் என்னும் பெயரிலன்று, அதனை எடுத்து நடத்துவார் கையிலே உள்ளதென்பது தெற்றென விளங்கும்.

அக்கைகளோ நிலைத்து நிற்பதில்லை. இதுவே இப்பள்ளிகளின் பெருங்குறை. 2003-04-ஆம் கல்வியாண்டில் சாசனப் பள்ளி ஆசிரியருள் நூற்றுக்கு 25 பேர் பள்ளியையோ தொழிலையோ விட்டு நீங்கினர். ஏனைப் பொதுப் பள்ளிகளில் நீங்கியவர் 14 பேரே. விருப்பத்தோடு வந்தவர் ஏன் விரைந்து செல்கின்றனர்? வந்த காரணமே சிலவிடத்துப் போகுங் காரணமும் ஆகின்றது. பள்ளி தம்முடையது என்றெண்ணுபவர் மாலையில் அதனை விட்டுச் செல்லமாட்டார், இரவிலும் மாணாக்கர்க்கு மறுமொழி தருவார், விடுமுறையிலும் வருவார். மேலாளர் அவ்வார்வத்தையே விதியாக்கிவிடின், அன்பினாற் செய்தது கட்டளையாற் செய்வதாகின்றது. இருபத்திரண்டு வயதில் அது இயலும்; குழந்தையும் முதிய பெற்றோரும் உடையவர்க்கு இயலாது. நல்லாசிரியனுக்கு நிலத்தை உவமை கூறினர். அந்நிலமும் ஓய்வின்றி உழப்படின் விளைவு குன்றும் என்பதை உழவர் அறிவர்.

இதனால் இழப்பவர் மாணாக்கர். முதலாண்டு ஆசிரியன் கற்பிப்பதைவிடக் கற்றுக்கொள்வதே மிகுதி. அவன் பிழைகளையெல்லாம் வறியோர் பிள்ளைகள்மீது பழகித் தீர்த்து, கை தேர்ந்தபின் புறநகர்ப் பள்ளிக்குச் செல்வானாயின் நிகழ்வது யாது? ஒருவர் நீரூற்ற, வளைந்து அடுத்தவர் மனையிற் காய் உதிர்க்கும் முடத்தெங்கை நன்னூலார் தீய ஆசிரியனுக்கு உவமையாகக் கூறினார். இங்கே வளைந்தது ஆசிரியன் ஒருவன் மாத்திரமன்று; அவனை நிற்கவொட்டாது வளைக்கும் பள்ளியும் அம்மரமே என்போம்.

பழையவரைத் தள்ளிப் புதியவரைக் கொள்வதன் தீங்கிற்கு நியூ ஆர்லியன்ஸ் நகரம் சான்று. 2005-ஆம் ஆண்டின் கத்ரீனாப் புயலுக்குப்பின் அந்நகரப் பள்ளிகளின் ஆசிரியரும் ஊழியருமாக ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தனர். அவருட் பலர் அம்மண்ணிற் பிறந்து முதிர்ந்த கறுப்பர் ஆசிரியர். பள்ளிகள் மிகப் பெரும்பாலும் சாசனப் பள்ளிகளாக மாறின. வெளியூர் இளைஞர் ஆர்வத்தோடு வந்து நிறைந்தனர். பரீட்சைத் தேர்ச்சி உயர்ந்தது என்பதை மறுக்கின்றோமல்லேம். ஆயினும் ஒரு தெருவில் மூன்று தலைமுறைக்குக் கற்பித்தவர் பெற்றிருந்த அறிவு எந்தப் பரீட்சையிலும் அடங்குவதன்று. ஒருவருடைய விருப்பத்திற்கு வாயில் திறக்கும்போது வேறொருவர் எவ்வாயிலாற் செல்கின்றார் என்பதையும் நோக்குதல் அறமாகும்.

இக்குறைக்கு மருந்து ஆசிரியரிடமிருந்தே பிறந்தமை மகிழ்ச்சிக்குரியது. சிகாகோ நகரில் 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் 'அசேரோ' என்னும் அமைப்பின் 15 சாசனப் பள்ளிகளைச் சார்ந்த ஆசிரியரும் ஊழியருமாக ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். சாசனப் பள்ளி அமைப்பொன்றில் அமெரிக்க நாடு கண்ட முதல் வேலைநிறுத்தம் அதுவே. நகரப் பள்ளி ஆசிரியரோடு ஒத்த சம்பளம், வகுப்பிற் பிள்ளைகளின் தொகைக்கு வரம்பு, நீண்ட வேலை நேரத்திற் குறைப்பு ஆகியவற்றை வேண்டினர். சில நாட்களில் உடன்பாடும் பெற்றனர். ஆர்வமுடையார் கூலி கேட்கலாமோ என்று வினவுவார் உண்டு. கேட்கலாம் என்பது மாத்திரமன்று, கேட்டேயாதல் வேண்டும் என்பது எம் துணிபு. அவர்கள் பள்ளியை விட்டு ஓடுவதற்காகக் கேட்டாரல்லர். அங்கேயே நிற்பதற்காகக் கேட்டனர்.

ஆகவே எம் முடிபு இது. பெருநகரச் சாசனப் பள்ளியை ஆசிரியர் நாடுவது தியாகிகளாகும் பொருட்டன்று. தம் வேலைக்குத் தாமே பொறுப்பாளராகும் பொருட்டு. அவ்விருப்பம் மேன்மையானது, எந்த நாட்டிலும் நல்லாசிரியர் உள்ளத்தில் அது உறங்கிக் கிடக்கின்றது. அதனை எழுப்புவது சாசனப் பள்ளியின் சிறப்பு. எழுப்பியபின் அதனைத் தீயிலிட்டு இரண்டாண்டிற் சாம்பலாக்குவது அதன் குற்றம். உரிமையும் கடமையும் ஒருங்கே பொறித்த சாசனத்தில் மூன்றாவதாக ஒன்றும் பொறித்தல் வேண்டும். அது, ஆசிரியன் முதுமையடையும்வரை அங்கே இருந்து வாழ்தற்குரிய வகை.

அன்பார்ந்த மாணாக்கரே, நாமும் ஒருநாள் ஏதோ ஒரு பள்ளியின் வாயிலில் நிற்போம். அப்பொழுது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில் இழுக்கில்லை. அதனோடு, இங்கே என் சொல்லுக்கு இடமுண்டா, என்னோடு உழைப்பார் இப்பிள்ளைகளை நம்புகின்றனரா, பத்தாண்டு கழிந்தும் நான் இவ்விடத்தில் நல்ல ஆசிரியனாக இருக்க இயலுமா என்று கேட்போமாக. வறியோர் பள்ளிக்குச் செல்வோரை உலகம் புகழ்கின்றது. அப்புகழ் செல்லும் நாளோடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிற் புகும் பிள்ளைக்கு வேண்டுவது, அவன் பட்டச்சீட்டுப் பெறும் நாளிலும் அங்கே இருக்கும் ஓர் ஆசிரியரே.